திரையில் கடல் இடம் மாறிய நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டரில் நாம் எழுதுகிற எடிட்டரின் செட்டிங்ஸைத் திறப்பீர்கள். பின்னணியைக் கறுப்பாக்குவீர்கள். பிறகு, இந்தக் கீயை அழுத்தினால் தேட வேண்டும், அந்தக் கீயை அழுத்தினால் பக்கத்து விண்டோவுக்குத் தாவ வேண்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவீர்கள். செய்ய வேண்டிய வேலை அப்படியே கிடக்கும். ஆனால் மாலையில் வீட்டுக்குப் போகும்போது ஏதோ பெரிதாகச் சாதித்த திருப்தி இருக்கும். நானும் அந்தத் திருப்தியோடு திருப்பாலைவனம் பஸ்ஸில் பல நாள் ஊர் திரும்பியவள்தான். அதனால் உங்களைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. கிண்டல் செய்ய மட்டும் உண்டு.

புதியவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மையத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் நாலு வார்த்தையோடு நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழவேற்காட்டில் நம் மையத்துக்கு இருப்பது ஒரே வேலை. காற்று, அலை, எச்சரிக்கை என்று தகவல் வந்ததும் அதை ஊருக்குப் புரிகிற தமிழில் எழுதி அனுப்புவது. நாம் எழுதுவதை ஒவ்வொரு குப்பத்திலும் கம்பத்தில் கட்டியிருக்கும் ஸ்பீக்கர், ஒரு கம்ப்யூட்டர் பெண் குரலில் படிக்கும். ஜனங்கள் அதை ‘மைக்கு’ என்பார்கள். ‘மைக்கு சொல்லிச்சு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நாம் அனுப்புவது இரண்டு ஃபைல்கள். ‘கடல்’ என்ற ஃபைல் கடலோரக் குப்பங்களுக்குப் போகும். ‘ஏரி’ என்ற ஃபைல் ஏரிக்கரை ஊர்களுக்குப் போகும். ஒரே நாளில் கடலுக்கு ஒரு சேதி, ஏரிக்கு வேறு சேதி என்று இருப்பது சகஜம்.

இதை இன்று ஞாபகப்படுத்தக் காரணம் சங்கீதா. நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் என்னோடு இருந்த பெண். லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. கம்ப்யூட்டர் படித்தவள், எங்கள் எல்லோரையும்விட வேகமான கை. அவளுடைய நைனா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். ‘எம் பொண்ணு எழுதுறதைத்தான் மைக்கு பேசுது’ என்று டீக்கடையில் உட்கார்ந்து தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

குப்பத்து ஜனங்கள் வாயில் இடது, வலது என்ற பேச்சே வராது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி, நடுவில் இவர்கள். அதனால் எல்லாமே கடல் பக்கம், ஏரி பக்கம்தான். வீட்டுக்குள் சாப்பிட உட்கார்ந்தால்கூட, ‘அந்தக் கொழம்பைக் கொஞ்சம் ஏரி பக்கம் தள்ளு’ என்பார்கள். சங்கீதாவும் அப்படித்தான். எடிட்டரில் இரண்டு விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பாள். எங்கள் மேஜை வடக்குப் பார்த்து இருந்தது. கடல் கிழக்கே, அதாவது அவளுக்கு வலது கைப்பக்கம். அதனால் வலது விண்டோவில் கடல் ஃபைல், இடது விண்டோவில் ஏரி ஃபைல். வலப்பக்கம் தாவ ஒரு கீ, இடப்பக்கம் தாவ ஒரு கீ. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. வடக்குச் சுவர் ஒழுகியது. கம்ப்யூட்டர் நனையாமல் இருக்க மேலாளர் மேஜையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார். இப்போது உட்கார்ந்தால் முகம் தெற்கே. மறுநாள் காலை சங்கீதா வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

“இன்னா பண்ற?” என்று கேட்டேன்.

“கடல் இந்தப் பக்கம் கீதுக்கா. ஸ்கிரீன்ல அந்தப் பக்கம் கீது. எனக்குத் தலை சுத்துது.”

அப்படியே விண்டோக்களை இடம் மாற்றினாள். கடல் இடப்பக்கம் வந்தது, ஏரி வலப்பக்கம் போனது. செட்டிங்ஸில் கை வைத்தால் ஒன்றோடு நிற்குமா? தேடுகிற கீயையும் மாற்றினாள். அதற்கு முன்பு அது கர்சர் இருக்கும் விண்டோவில் மட்டும் தேடும். இப்போது திறந்திருக்கும் எல்லாவற்றிலும் தேடி, வார்த்தை கிடைத்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கடைசியாக, இடத்தை அடைக்கிறது என்று மேலே ஃபைல் பெயர் தெரிகிற பட்டையையும் மறைத்தாள். “எது எதுன்னு எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தாள். திரை துடைத்துவிட்டாற்போல இருந்தது.

அன்று மதியம் எச்சரிக்கை வந்தது. மாலைக்குள் வாடைக்காற்று பலமாக வீசும், கடல் கொந்தளிக்கும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம். ஏரிக்கு எச்சரிக்கை ஒன்றும் இல்லை. சங்கீதா இரண்டையும் எழுதி அனுப்பினாள். நான் கையைக் கழுவிக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், மையத்துப் போன் அடித்தது. ஏரிக்கரையிலிருந்து எல்லம்மா. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள், எங்களுக்குப் பழக்கமானவள்.

“இன்னாமா உங்க மைக்கு இப்படி சொல்லுது? அலை ரெண்டு ஆள் ஒசரம் எழும்புமாம். படகையெல்லாம் மேல ஏத்திக் கட்டணுமாம். நான் இறா தடவிகினு இருந்த எடத்துல தண்ணி முட்டிக்குக் கீழதான் கீது. சரி, மைக்கு சொல்லுதேன்னு எல்லாரும் கரையேறிட்டோம். வரிசையா குந்திகினு அலைக்குக் காத்துகினு கீறோம். வருமா, வராதா?”

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. முட்டியளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டமே பயபக்தியோடு உட்கார்ந்திருக்கும் காட்சி கண்முன்னே நின்றது. அந்தச் சிரிப்பு பாதி வழியிலேயே அடங்கியது. கடல் சேதி ஏரிக்குப் போயிருந்தால், ஏரி சேதி எங்கே போயிருக்கும்?

“சங்கீதா, எச்சரிக்கையை எதுல போட்ட?”

“கடல்லதாங்கா. நீயே பாரு.” தன் புதுக் கீயை அழுத்தி ‘கொந்தளிப்பு’ என்று தேடினாள். கர்சர் தாவிப்போய் அந்த வார்த்தைமேல் நின்றது. “தோ, கீது பாரு. கரெக்டா கீது.”

“எங்க கீது?”

“தோ, இங்க.”

“இங்கன்னா கடலா, ஏரியா?”

அவள் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். பெயர் தெரியும் பட்டைதான் இல்லையே.

இதைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தேடினால் கிடைத்துவிட்டது என்பது பாதிச் சேதிதான். எங்கே கிடைத்தது என்பது மீதி. எல்லா இடத்திலும் தேடிக் கொடுக்கிற கீ நல்ல கீதான். ஆனால் அவசரத்தில் இருக்கிற மனுஷிக்கு அது ‘இருக்கு, இருக்கு’ என்று தைரியம் மட்டும் சொல்லும். எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லாது. காணாமல் போன ஆடு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அது யார் தோட்டத்தில் மேய்கிறது என்று பார்க்க வேண்டாமா?

நான் குனிந்து, ஃபைல் பெயரைக் காட்டும் என்னுடைய பழைய கீயை அழுத்தினேன். அதையும் மகராசி மாற்றி வைத்திருந்தாள். திரை நாலாகப் பிளந்தது. இரண்டு கடல், இரண்டு ஏரி, எதற்கும் பெயர் இல்லை. இன்னொரு தடவை அழுத்தியிருந்தால் எட்டாகியிருக்கும். ஒரு கணம் நாங்கள் இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்து முழித்தோம்.

நடந்தது புரிய வெகுநேரம் ஆகவில்லை. காலையில் விண்டோவை மாற்றியது அவள் மூளை. மதியம் எச்சரிக்கையை ஒட்டியது அவள் விரல். விரல் இத்தனை மாதப் பழக்கத்தில் வலப்பக்கம் தாவி, கடல் என்று நினைத்து ஏரியில் ஒட்டிவிட்டது. இடப்பக்கம் தாவி, ‘நிலைமை இயல்பு, வழக்கம்போல் வலை போடலாம்’ என்பதைக் கடலில் ஒட்டிவிட்டது. மேஜையைத் திருப்பியதும் திரையைத் திருப்ப வேண்டும் என்று குப்பத்தில் பிறந்தவளுக்குத்தான் தோன்றும். திருப்பிய சேதி கைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

சங்கீதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “அக்கா, நைனா இன்னைக்கு மத்தியானம் வலை விடப் போவுது. மைக்கைக் கேட்டுட்டுப் போன்னு நான்தான் காலைல சொல்லிட்டு வந்தேன்.”

உடனே போன் போட்டாள். அலைச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது.

“நைனா, எங்க கீற?”

“கரையிலமா. படகைத் தள்ளிகினு கீறோம். இன்னா?”

“போவாதே நைனா. பெரிய காத்து வருது.”

“வலை போடலாம்னு மைக்கு சொல்லிச்சே.”

“அது தப்பு. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்.”

அவர் சிரித்தார். “இன்னாமா நீ. மைக்குல எழுதுறப்ப நீ யோசிச்சு எழுதுற. போன்ல பயந்துகினு பேசுற, உங்கம்மா மாதிரியே. நான் எதைக் கேக்குறது? வானம் பளிச்சுனு கீது. வெச்சிரு, போன் நனையுது.”

மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. பெண் எழுதியதன்மேல் வைத்த நம்பிக்கையில் ஒரு மனிதர் அந்தப் பெண்ணின் பேச்சையே கேட்க மறுக்கிறார். அவருக்கு எதிராகச் சொல்ல எங்களிடம் என்ன இருக்கிறது?

எங்கள் பேச்சைக் கேட்டிருந்த மேலாளர் அதற்குள் தன் அறையிலிருந்து ஒரு தாளோடு வந்தார். நல்ல மனிதர். ஆனால் அரசாங்கத் தமிழ்மேல் தீராத காதல். வீட்டில் காபி வேண்டுமென்றாலும் ‘வழங்கப்படுமாறு’ என்றுதான் கேட்பார் என்று சங்கீதா சொல்லுவாள். தாளைப் பிடித்து வாசித்தார்: “தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களினால் நண்பகல் ஒலிபரப்பில் நேர்ந்த பிழைக்கு மையம் தனது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்ளும் அதே வேளையில்…”

அந்த ‘அதே வேளையில்’ முடிவதற்குள் படகு கண்ணுக்கு மறைந்துவிடும். “சார், அருமையா இருக்கு. அதை அப்புறம் பார்த்துக்கலாம். நீங்க வண்டியை எடுத்துகினு கரைக்குப் போங்க. கையைக் காலை ஆட்டியாவது நிறுத்துங்க” என்றேன். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் ஓடினார். அந்த அவசரத்திலும் ஹெல்மெட் போட மறக்கவில்லை.

நாலு விண்டோவையும் மூடச் சொன்னேன். ஷார்ட்கட் ஒன்றும் வேண்டாம், மவுஸை எடு, ஒரே ஒரு ஃபைலைத் திற. அம்புக்குறி மெனுவைத் தேடி ஊர்ந்தது. அவ்வளவு மெதுவாக அந்தக் கம்ப்யூட்டரில் நாங்கள் என்றுமே வேலை செய்ததில்லை. மறைத்த பட்டையைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

“பேரைப் படி.”

“கடல்.”

“இன்னொரு வாட்டி.”

“கடல்க்கா, கடல்.”

என்ன எழுதுவது? எச்சரிக்கைக்கென்று நம்மிடம் ஒரு வாக்கியம் தயாராக உண்டு. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ மழைக்காலம் முழுக்க அதே குரலில் அதையே கேட்டுக் கேட்டுக் கரையில் இருப்பவர்கள் காதுக்கு அது காக்கா கத்துவதுபோல ஆகிவிட்டது. போகலாம் என்று மைக்கில் கேட்டுவிட்டுத் தோளைக் கொடுத்துப் படகு தள்ளுகிறவன் அதற்குத் திரும்பிப் பார்ப்பானா என்று எனக்குச் சந்தேகம். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே சங்கீதா தட்டத் தொடங்கிவிட்டாள்.

‘நைனா, போவாதே. மத்தியானம் சொன்னது தப்பு. வாடை வருது. படகைக் கரையில ஏத்து. நான் சங்கீதா சொல்றேன்.’

ஒலிபரப்பில் பேச்சு வழக்கு கூடாது, ஆள் பெயர் கூடாது, யாரையும் உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. இந்த மூன்றையும் காப்பாற்றத்தான் எனக்கு அங்கே சம்பளம். என் விரல் தானாக அழிக்கிற கீக்குப் போனது. ‘போவாதே’யைச் ‘செல்லாதீர்கள்’ ஆக்கிவிட்டால் அது யாருடைய குரலும் இல்லை என்று அப்போது எனக்குப் பட்டது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “பேரை ஒரு தபா படிச்சிட்டு அனுப்பு” என்றேன். “கடல்” என்று படித்தாள். அனுப்பினாள்.

அதன்பிறகு நடந்தது மேலாளர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் அலங்காரமில்லாத தமிழில் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். வண்டி மணலில் புதைந்துவிட்டது. அதைப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் கையை ஆட்டிக்கொண்டு கரையில் ஓடியிருக்கிறார். யாரோ கூரியர்க்காரர் ஆளைத் தேடுகிறார் என்று எண்ணி ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. சங்கீதாவின் நைனா முதல் ஆளாக அலையைத் தாண்டி உள்ளே போய்விட்டார். மற்றப் படகுகளை இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது மைக்கு பேசியது.

“இத்தனை வருஷமா செய்தி வாசிச்ச அந்தக் குரல் ‘நைனா, போவாதே’ன்னு சொல்லிச்சும்மா. தண்ணியில நின்ன எல்லாரும் அப்படியே நின்னு திரும்பிட்டாங்க. எந்த நைனான்னு ஒருத்தர் கேக்கலை. கல்யாணமே ஆகாத பையன் ஒருத்தன், அவனும் படகை விட்டுட்டான்” என்றார்.

மைக்கு கூப்பிட்ட நைனாவுக்கு மட்டும் அது கேட்கவில்லை. அவர் இன்ஜின் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தார். கேட்டவர்கள் துண்டை அவிழ்த்து வீசினார்கள், கத்தினார்கள், கடைசியில் ஒரு படகு அலையைத் தாண்டி விரட்டிப்போய் அவரை மறித்தது. ‘உம் பொண்ணு மைக்குல அழுவுதுயா, திரும்பு’ என்றார்களாம். கம்ப்யூட்டர் குரலுக்கு அழத் தெரியாது. இருந்தாலும் அவர்களுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. ‘மைக்குலயா?’ என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்பியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் சங்கீதா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் குந்தியிருந்த எல்லம்மாவுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போன் போட்டு, அலை வராது, காற்று மட்டும் வரும், வீட்டுக்குப் போங்கள் என்றேன். “இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? கால் மரத்துப்போச்சு” என்று ஒரு பாட்டுப் பாடினாள்.

சாயங்காலத்துக்குள் வாடை வந்தது. மையத்து ஜன்னல் கதவை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்துப் பிடித்தோம். கடலில் ஒரு படகும் இல்லை.

அனுப்புவதற்கு முன்னால் ஃபைல் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்ற சட்டம் அன்றைக்கு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆஜர் சொல்வதுபோல இருக்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். முணுமுணுத்துக்கொண்டே படியுங்கள். விண்டோக்களை உங்கள் இஷ்டம்போல அடுக்குங்கள், மேலும் கீழுமாக வையுங்கள், எனக்குக் கவலை இல்லை. ஒன்று மட்டும். மாற்றிய அன்றைக்கே அவசர வேலையை அதில் செய்யாதீர்கள். மூளை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளும், விரலுக்கு ஒரு வாரம் கொடுங்கள். நெருக்கடி வந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றைத் திறவுங்கள். மெதுவாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

சில நாளில் கடல் அடங்கியது. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்லலாம்’ என்று முறைப்படி அனுப்பினோம். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு படகும் அசையவில்லை. மறுநாள் காலை சங்கீதாவின் நைனா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மையத்து வாசலில் வந்து நின்றார்.

“இன்னா நைனா, மைக்கு கேக்கலயா?” என்றாள் சங்கீதா.

“கேட்டுச்சு. செல்லலாம்னு சொல்லுது.” தலையைச் சொறிந்தார். “போவாதேன்னப்ப நைனான்னு கூப்ட்ட. இப்ப யாரையோ சொல்ற மாதிரி கீது. ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டா எல்லாரும் நிம்மதியா எறங்குவாங்க.”

மேலாளர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவசரமாக ஒரு தாளில் எழுதி எடுத்து வந்தார். ‘தந்தையர் சென்று வரலாம்.’ நான் அவரைப் பார்த்தேன். அவரே அதை அடித்துவிட்டு, “நீயே எழுதும்மா” என்று சங்கீதாவிடம் சொன்னார்.

மீன் வாங்குகிற சாக்கில் நான் அவர்களோடு கரைக்குப் போனேன். படகுகள் தயாராக நின்றன. யாரும் தள்ளவில்லை, எல்லோரும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது. ‘நைனா, போய்ட்டு வா’ என்றது.

தோள்கள் படகில் சேர்ந்தன. முதல் படகு தண்ணீரைத் தொட்டது. சங்கீதாவின் நைனா மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கி, கம்பத்தில் இருந்த ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்து, “வரேம்மா” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.